எஸ்ஸின் தலையில் ஒரு குற்று

குலேந்திரன் அண்ணைக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்சனில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். எங்கே படித்தார், யார் படிப்பித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. மனுசன் நல்ல உயரம், முன்மண்டை வழுக்கை, சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு பேனை. எங்கள் சனத்துக்கு அது போதும்.

நான் யோசெப்பின், மன்னார்ப் பக்கம். அவரும் தம்பியும் நடத்திய சாப்பாட்டுக் கடையில் காசு மேசையில் நின்றவள். காசு மேசை என்று பெயருக்குத்தான் சொல்கிறேன். றோல்ஸ் சுருட்டினதும் நான், வாசலில் பனி வழித்ததும் நான், அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக ஓடினதும் நான். அந்தச் சண்டையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் ஒருத்தி அது சொத்துப் பிரச்சினை என்றாளாம். சொத்துமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எல்லாம் ஒரு குற்றால் வந்தது. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளியை எங்கள் பக்கத்தில் குற்று, பேச்சில் குத்து, என்போம். அந்தக் குற்றுத்தான்.

அண்ணை திருகோணமலை ஆள். கலவரம் முடிந்த கையோடு வெளிக்கிட்டு, ஜெர்மனியில் கொஞ்சக் காலம் குளிரில் நடுங்கி, அதைவிடக் குளிரான இடம் வேண்டுமென்று தேடினவர் மாதிரி மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால், "அது அந்தக் காலத்துப் படிப்பு" என்பார். அந்தக் காலத்துப் படிப்பு என்றால் பெரிய படிப்பாக்கும் என்று கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "நேரமில்லை."

இங்கே வந்ததிலிருந்து ஒரு கிரேக்கருடைய உணவகத்தில் குசினி வேலை. கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, கடைசியில் இறைச்சி வாட்டுகிற அடுப்பு வரைக்கும் முன்னேறினார். அந்தக் கிரேக்கர்தான் பிறகு தன்னுடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தை இவருக்கு வாடகைக்குக் கொடுத்தார். கிரேக்கர் கிழவர் வாசலுக்கு வந்தால் அண்ணை வெளியே போய் நின்று, கையையும் காலையும் ஆட்டி, மழை பொழிந்த மாதிரிக் கதைப்பார். இரண்டு பேரும் தோளில் தட்டிச் சிரிப்பார்கள். கொத்துரொட்டி வாங்க வந்த சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

"என்ன மாதிரி இங்கிலீஷ் எண்டு பாத்தீரே?" என்று ஒரு மனுசி என் காதுக்குள் சொன்னார்.

எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை வெள்ளைக்காரர் வாயிலிருந்து இரண்டே இரண்டு பாஷைதான் வரும். பிரெஞ்சு, இல்லையென்றால் இங்கிலீஷ். அது பிரெஞ்சு இல்லையென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதை ஏன் ஒளிக்க.

தம்பி சாம்பவன் பிறகு வந்தவர். அண்ணைதான் கூப்பிட்டு எடுத்தார். தம்பியும் பெண்சாதி வசந்தினியும் வந்து இறங்கினபோது அண்ணை விமான நிலையத்தில் ஆளுக்கொரு பனிச்சட்டையோடு நின்றாராம். சாம்பவன் கெட்டிக்காரன். அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் போய் மளமளவென்று பிடித்துவிட்டார். ஆனால் இங்கிலீஷ் அவருக்குத் துண்டாக வராது. ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து கடை திறந்தபோது வேலை தானாகவே பிரிந்துகொண்டது. பிரெஞ்சுக்காரர் வந்தால் தம்பி, இங்கிலீஷ்காரர் வந்தால் அண்ணை. இங்கிலீஷ்காரர் வருகிற நேரங்களில் அண்ணைக்கு அடிக்கடி குசினியில் அவசர வேலை வந்துவிடும். அதை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அண்ணையின் இங்கிலீஷில் சாம்பவன் வைத்திருந்த மரியாதைக்கு ஒரு காரணம் உண்டு. வசந்தினிக்குப் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. அப்போது சாம்பவன் பிரெஞ்சு வகுப்பில் பழங்களின் பெயர்களைத் தாண்டவில்லை. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். டொக்டர் வந்து இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னார். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, நடுவில் ஓம் ஓம் என்று தலையாட்டி, எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பி, "ஒண்டும் பயமில்லையாம். பிள்ளை தப்பிவிடுமாம். உன்னைப் போய்ச் சாப்பிடட்டாம்" என்றார். பிள்ளை தப்பியது. நிவாஸ் என்று பெயர் வைத்தார்கள். சாம்பவன் இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "அண்ணைக்கு இங்கிலீஷ் தெரியாட்டி நான் அண்டைக்கே விழுந்திருப்பன்" என்று முடிப்பார். அந்த நேரம் அண்ணை கட்டாயம் குசினிக்குள் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தோம்.

கடைக்குப் பெயர்ப்பலகை வைத்ததும் இதே முறைப்படிதான். இங்கே சட்டப்படி பிரெஞ்சு பெரிசாக இருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போகிற சாப்பாடு என்று மேலே பெரிய எழுத்தில் பிரெஞ்சில் எழுதியது தம்பி. கீழே சின்னதாகக் கடையின் பெயர், அது அண்ணையின் பகுதி. பிளாஸ்ரிக் தகட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையாலேயே வெட்டி ஒட்டினார். எல்லாம் ஒட்டி முடிந்த பிறகு, தள்ளி நின்று பார்த்து, என்னவோ குறைகிறது என்று சொல்லி, ஒரு சின்னத் துண்டை வெட்டி ஏணியில் ஏறி எஸ்ஸுக்கு முன்னால் தலைமாட்டில் ஒட்டினார்.

Brother's.

"இப்பதான் எழுத்து முழுசா இருக்கு" என்றார். நாங்கள் கைதட்டினோம். கிரேக்கரும் கைதட்டினார்.

கடைக்குள்ளே எழுதினதெல்லாமும் அவருடைய கைதான். கண்ணாடி அலுமாரிக்கு மேலே Roll's. பக்கத்தில் பற்றீஸுக்கு Patti's, வடைக்கு Vadai's. கதவில் Closed Monday's. போகிற இடத்தில் Thank's. வருஷக்கணக்காக அதுகளுக்குக் கீழே நின்று வேலை செய்தேன். ஒருநாள்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. சாப்பிட வருகிறவன் வடையைப் பார்ப்பானா, வடைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்ப்பானா.

பார்க்கிற ஒருவர் வந்து சேர்ந்தார். மரியதாசன் மாஸ்ரர். யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படிப்பித்துப் பென்சன் எடுத்தவர். மகள் கூப்பிட்டு எடுத்திருந்தாள். பாவம், கனடாவுக்குப் போகிறேன் என்றபோது இங்கிலீஷ்தான் கை கொடுக்கும் என்று நினைத்து வந்த மனுசன். வந்தால் பஸ்காரன் பிரெஞ்சு, தபால்காரன் பிரெஞ்சு, பேத்தி ஜெசிக்கா வீட்டுக்குள்ளேயே பிரெஞ்சு. ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவர் பின்னேரங்களில் எங்கள் கடைக்கு வந்து ஒரு ரீயும் ஒரு றோலும் வாங்கிக்கொண்டு இருந்தார். கையில் சிவப்புப் பேனை இல்லாத குறை. அவருக்கு எங்கள் கடைச் சுவரெல்லாம் சோதனைத் தாளாகப் போய்விட்டது.

"பிள்ளை யோசெப்பின், இந்த மேல் கொமாவுக்கு என்ன வேலை எண்டு தெரியுமோ?" என்று ஒருநாள் தொடங்கினார்.

"எனக்கு றோல்ஸ் சுருட்டுற வேலை கிடக்கு மாஸ்ரர்."

அவர் விடவில்லை. "ரெண்டே ரெண்டு வேலைதான். ஒண்டு, எழுத்து விழுந்துபோன இடத்துக்கு அடையாளம். do not எண்டதைச் சுருக்கி don't எண்டேக்கை ஒரு ஓ விழுந்திட்டுது. விழுந்த இடத்திலை கொமா நிக்கும். மற்றது, ஆற்றை, ஆருடைய எண்டு காட்டுறதுக்கு. மேரியின்ரை பொத்தகம் எண்டால் Mary's. அவ்வளவுதான். ரெண்டு றோல், மூண்டு றோல் எண்டு பன்மை சொல்ல அதுக்கு அலுவலே இல்லை. சும்மா ஒரு எஸ் போட்டால் காணும். இஞ்சை பாரும், Roll's எண்டு கிடக்கு. றோலினுடைய. றோலின்ரை என்ன?"

விழுந்த எழுத்துக்கெல்லாம் அடையாளம் வைப்பது நல்ல நடைமுறைதான், ஆனால் எங்களுக்குச் சரிவராது. 'போய்விட்டு வருகிறேன்' என்பதைப் 'போட்டு வாறன்' ஆக்கின ஆட்கள் நாங்கள். எங்கள் பேச்சுக்கு மேல் கொமா போட வெளிக்கிட்டால் தாள் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். இதை மாஸ்ரருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆனால் ஒண்டு" என்று விரலை வெளியே காட்டினார். "கடை முழுக்கப் பிழை. வெளியிலை இருக்கிற பலகை மட்டும் இலக்கணப்படி நல்ல சரி. Brother's. ஒரு சகோதரனுடைய கடை."

அந்த நேரம் பார்த்துச் சாம்பவன் வடைத் தட்டோடு வெளியே வந்தார்.

"ஒரு சகோதரனோ?" என்றார்.

"ஓம் தம்பி, ஒராள். ரெண்டு பேரெண்டால் எஸ்ஸுக்குப் பிறகு கொமா வந்திருக்கோணும். எஸ்ஸுக்கு முன்னாலை வந்தால் ஒராளின்ரை. இதை எழுதினவர் யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறார்."

மாஸ்ரர் ரீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். படிப்பித்த ஆட்களின் பழக்கம் இது, மணி அடித்ததும் எழும்பிப் போய்விடுவார்கள், வகுப்பு என்ன ஆனதென்று பார்ப்பதில்லை. சாம்பவன் வெளியே போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். குளிருக்குப் பனிச்சட்டைகூடப் போடவில்லை. உள்ளே வந்தபோது முகம் வேறு முகம்.

சாம்பவனுக்கு மேல் கொமா தெரியாததில்லை. பிரெஞ்சில் அது மூச்சுக்கு மூச்சு வரும். ஒரு எழுத்து பக்கத்து எழுத்தைக் கண்டதும் விழுந்துவிடும், விழுந்த இடத்தில் கொமா நிற்கும். "அக்கா, பிரெஞ்சிலை அந்தக் கொமா நிக்கிற இடத்திலை ஒண்டை விழுங்கியிருக்கு எண்டு அர்த்தம். எங்கடை பலகையிலை விழுங்கினது என்னை" என்றார். எனக்குக் கொமாவும் ஒன்றுதான், வயிற்றுக்குத்துக்குக் குடிக்கிற ஓமமும் ஒன்றுதான்.

அவர் நேரே குசினிக்குப் போனார். நான் கதவடியில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, எனக்கு அங்கே ஒரு சட்டி எடுக்க இருந்தது.

"அண்ணை, பலகையிலை ஏன் அந்தக் கொமாவை அப்பிடிப் போட்டனீங்கள்?"

அண்ணை வடை பொரிகிற தாச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் கொமா?"

"எஸ்ஸுக்கு முன்னாலை மேலை போட்டிருக்கிறது. ஒராள் எண்டுதானே வருகுது. தெரிஞ்சுதானோ போட்டனீங்கள்?"

இதற்கு ஒரு சாதாரண பதில் இருந்தது. 'நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை' என்பது. ஆனால் இங்கிலீஷ் விளங்கவில்லை என்று அண்ணையின் வாய் சொல்லாது.

"இங்கிலீஷிலை அப்பிடித்தான். உனக்கு விளங்காது" என்றார்.

அது போதும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஒரே குசினி, ஒரே அடுப்பு, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொன்னார்கள்.

"யோசெப்பின், தம்பியிட்டைச் சொல்லு, சொதிக்கு உப்புக் காணாது."

தம்பி பக்கத்திலேயே நிற்பார். "தம்பி, சொதிக்கு உப்புக் காணாதாம்."

"கடைக்கு ஒரு முதலாளிதானேயக்கா. அவரையே போடச் சொல்லுங்கோ."

"அண்ணை, உங்களையே போடட்டாம்."

அண்ணை உப்புப் போடுவார். தம்பியும் கொஞ்ச நேரத்தில் மனம் கேளாமல் போடுவார். அந்தக் காலத்தில் எங்கள் சொதியைக் குடித்தவர்கள் ரீ இரண்டு தரம் வாங்கினார்கள். ஞாயிறு பூசையில் நான் முழங்காலில் நிற்கும்போதுகூட, 'ஆண்டவரே, தம்பியிட்டைச் சொல்லும்' என்றுதான் செபம் வாயில் வந்தது.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் அப்போது சிரிப்பில்லை. சாம்பவன் லவாலில் ஒரு கடை பார்த்துவிட்டார். நல்ல இடம், கார் நிறுத்த வசதி. திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைப்பது என்று முடிவு. வசந்தினி என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, இவர் லவாலுக்குப் போனால் அத்தான் என்ன செய்வார்? அவருக்கு எங்களைவிட்டால் ஆர் இருக்கினம்?" என்றாள். எனக்கு அவள் சொன்னது சுட்டது. இரவு கடை பூட்டின பிறகு அண்ணை நேரே போவது தம்பி வீட்டுக்குத்தான். நிவாஸுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்திவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். சண்டைக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. எங்கே போகிறாரென்று கேட்டேன். மெத்ரோ ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பான லொங்குய்ய் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறாராம். அங்கே என்ன இருக்கிறது என்றேன். "ஒண்டுமில்லை, சூடாய் இருக்கும்" என்றார்.

திங்களுக்கு முதல் நாள் ஞாயிறு நிவாஸின் பிறந்தநாள். எப்போதும்போலக் கடையில் வைப்பதென்று வசந்தினி ஒற்றைக் காலில் நின்றாள். கேக் அண்ணைதான் செய்ய வேண்டுமென்றும் சொல்லிவிட்டாள். முந்தின வருஷங்களில் அண்ணை கேக்கில் தமிழில் மட்டும்தான் பெயர் எழுதுவார். இந்த முறை பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான், தான் வாசிக்கக்கூடிய எழுத்திலும் தன் பெயர் வேண்டுமென்றான். அண்ணை சரியென்றார்.

நான் கேக்கை எடுக்கக் குசினிக்குப் போனேன். அண்ணை முகம் கழுவப் போயிருந்தார். வெள்ளை ஐசிங்கின் மேல் நீல நிறத்தில் இரண்டு வரி. மேலே தமிழில் நிவாஸ். அதற்கு நேர் கீழே Niva's.

மேல் வரியில் ஸ் தலையில் ஒரு குற்று. கீழ் வரியில் எஸ் தலைமாட்டில் ஒரு குற்று. ஒன்றுக்குக் கீழே ஒன்று, நூல் பிடித்து வைத்த மாதிரி. ஒரே கை, ஒரே நீல ஐசிங், ஒரே அளவு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். Roll's, Patti's, Thank's எல்லாம் வரிசையாக வந்து என் கண்ணுக்கு முன்னால் நின்றன. இந்த மனுசன் ஒருவரையும் விழுங்கவில்லை. கொமாவே போடவில்லை. ஸ் என்றால் தலையில் குற்று வேண்டும் என்று பாலர் வகுப்பில் படித்ததை நேர்மையாகச் செய்துகொண்டு வந்திருக்கிறார். இத்தனை வருஷமும் இங்கிலீஷில் தமிழ்தான் எழுதியிருக்கிறார்.

விரலால் ஒரு வழி வழித்தால் அந்தக் குற்றுப் போய்விடும். அண்ணையின் இங்கிலீஷ் தப்பும். விரலை நீட்டினேன். ஆனால் இங்கிலீஷ் தப்பினால் தம்பி லவாலுக்குப் போவார். எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேரிலும், மாஸ்ரரிலும், அந்த இங்கிலீஷிலும். விரலை மடக்கிக்கொண்டு கேக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போய் மேசையில், சாம்பவனுக்கு முன்னால் வைத்தேன்.

மாஸ்ரரும் வந்திருந்தார். கிரேக்கர் கிழவர் ஒரு பந்தோடு வந்திருந்தார். அண்ணை துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். சாம்பவன் கேக்கைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அவரிட்டைக் கேளுங்கோ, ஆர் இந்த நிவா?" என்றார். "பிள்ளையின்ரை பேரிலையும் ஒண்டை விழுங்கியாச்சோ?"

"நான் கேக்கமாட்டன்" என்றேன். "நீரே கேளும்."

அண்ணைக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "என்ன நிவா? நிவாஸ் எண்டு வடிவா எழுதிக் கிடக்கு."

மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "நிவாவினுடைய எண்டு கிடக்கு. நிவாவின்ரை என்ன எண்டு சொல்லேல்லை. அந்தக் கொமா அதிலை வராது குலேந்திரன்."

"எது, இந்தக் குத்தோ?" அண்ணை விரலால் காட்டினார். "குத்தில்லாமல் எப்பிடி மாஸ்ரர்? ஸ் எண்டால் தலையிலை குத்து வேணும்தானே. இல்லாட்டி நிவாஸ எண்டெல்லோ இழுபடும்."

மாஸ்ரர் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சுவர் முழுக்க எஸ், ஒவ்வொரு எஸ்ஸுக்கும் பக்கத்தில் ஒரு குற்று.

"அப்ப வெளியிலை பலகையிலை?" என்றார் சாம்பவன். அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"அதுவும் குத்துத்தான். பிறதேர்ஸ். நீயும் நானும். குத்து வைக்காட்டிப் பிறதேர்ஸ எண்டு வந்திருக்கும்."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

அண்ணை துவாயைத் தோளில் போட்டார், எடுத்தார், பிறகும் போட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொமா, கொமா எண்டு நீங்கள் எல்லாரும் கதைச்சது எதை எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். "விளங்கேல்லை எண்டு சொன்னால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது எண்டு தெரிஞ்சு போயிடும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஊரிலை எட்டாம் வகுப்பு. இஞ்சை குசினி."

"அப்ப அவரோடை கதைக்கிறது?" என்று நான் கிரேக்கரைக் காட்டினேன். எனக்கே வாய் சும்மா இருக்கவில்லை.

"அது கிரேக்கம்."

தன்னைப் பற்றித்தான் கதை என்று கிரேக்கர் கண்டுகொண்டு பந்தைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசந்தினியும் சிரித்தாள். சாம்பவன் சிரிக்கவில்லை. அவர் வேறு எங்கேயோ போயிருந்தார்.

"அண்ணை" என்றார். "அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை டொக்டர் என்ன சொன்னவர்?"

எங்கள் சிரிப்பு நின்றது.

"கனக்கச் சொன்னவர்" என்றார் அண்ணை. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பேபி எண்டது விளங்கினது. நீ என்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டாய். நிண்ட நிலையிலை நீ விழுந்திடுவாய் போலை இருந்தது. நான் என்ன செய்ய? பயமில்லை எண்டு சொன்னன்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"எனக்குத்தான் நல்ல பயம்" என்றார். "பிள்ளை பெட்டியிலையிருந்து வெளியிலை வருமட்டும் நான் நித்திரை கொள்ளேல்லை. நீ கொண்டாய்தானே."

சாம்பவன் எழும்பிப் போய் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். கட்டிப்பிடிக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அண்ணையின் தோளிலிருந்த துவாயை எடுத்துத் தன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, மடித்து, திருப்பி அவருடைய தோளிலேயே போட்டார். நான் அழுதேன், ஒளிக்காமல் அழுதேன். நிவாஸ் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தன் பெயருக்குள் இருந்த நீலக் குற்றை விரலால் தோண்டி வாயில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை சாம்பவன் லவாலுக்குப் போகவில்லை. கடை பூட்டு, ஆனாலும் எல்லோரும் வந்து நின்றோம். அவர் ஏணியில் ஏறினார். மாஸ்ரர் சொன்னபடி குற்றைக் கழற்றி எஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டுவதென்று திட்டம். கழற்றினார். கழற்றின இடத்தில் பலகை வெயில் படாமல் புத்தம் புதிதாக இருந்தது. குற்று இருந்ததைவிட இப்போது பளிச்சென்று தெரிந்தது. அண்ணை கீழே நின்று, "எஸ் மொட்டையாய் நிக்குது பார்" என்று கவலைப்பட்டார். சாம்பவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கழற்றினதை இருந்த இடத்திலேயே திருப்பி ஒட்டினார். பிறகு இறங்கி வந்து அதே அளவில் இன்னொன்று வெட்டி எடுத்துக்கொண்டு ஏறினார்.

Brother's'.

மாஸ்ரர் தலையில் கை வைத்தார். "தம்பி, உலகத்திலை எந்த இங்கிலீஷிலையும் இப்பிடி ஒண்டு இல்லை."

"ஒண்டு அண்ணைக்கு, மற்றது எனக்கு மாஸ்ரர்."

மாஸ்ரர் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். அவர் படிப்பித்த காலத்தில் இப்படிச் செய்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சாம்பவன் இரண்டாவது குற்றைப் பசையோடு விரலில் வைத்துக்கொண்டு மேலேயிருந்து கேட்டார். "இது காணுமோ, இன்னும் கொஞ்சம் மேலையோ?"

அண்ணை பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். "யோசெப்பின், தம்பியிட்டைச் சொல்லு..."

"நீங்களே சொல்லுங்கோ" என்றேன். "எனக்குக் குளிருது, நான் உள்ளை போறன்."

போகவில்லை, கதவடியில் நின்றேன். அண்ணை பலகையை ஒருதரம் பார்த்தார், தம்பியை ஒருதரம் பார்த்தார்.

"கொஞ்சம் மேலை வை ராசா" என்றார். "என்ரையும் உன்ரையும் ஒரே உயரத்திலை இருக்கட்டும்."